கூப்பர் கிரீக் எங்கே முடிகிறது? ஆஸ்திரேலிய உள்நாட்டு ஆறு ஒன்றின் போக்கு குறித்து

செங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காக உலக ஆறுகளைப் பற்றிய கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். கடலைச் சேராத ஆறுகளுக்கு எடுத்துக்காட்டாக நடு ஆஸ்திரேலியாவின் கூப்பர் கிரீக்கைத் தேர்ந்துகொண்டேன். தொடக்கத்தில் எளிதாகத்தான் தோன்றியது. குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. ஒன்று, வாரிகோ மலைத்தொடரில் தோன்றி டாம்போ, பிளாக்கால், இசிஸ்போர்டு ஆகிய ஊர்களைக் கடந்து வரும் பார்கூ. மற்றொன்று, வடக்கிலிருந்து லாங்ரீச், ஜுண்டா வழியாக இறங்கி வரும் தாம்சன். விண்டோரா என்னும் சிற்றூருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இவை கூடுகின்றன. கூடிய இடத்திலிருந்து கூப்பர் என்ற பெயர் தொடங்குகிறது. அங்கிருந்து தென்மேற்காகச் சென்று, தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் நுழைந்து, இன்னமின்கா என்னும் சிற்றூரைத் தாண்டி, மணல்மேடுகளுக்கு இடையே மேற்கே திரும்பி, கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் எயர் ஏரியை அடைகிறது. நீளம் சுமார் 1300 கிலோமீட்டர்.

இந்த இடத்தில்தான் என் எழுத்து நின்றுவிட்டது. பெரும்பாலான ஆண்டுகளில் கூப்பரின் நீர் ஒரு துளியும் எயர் ஏரிக்குப் போவதில்லை. அப்படியிருக்க, "அடைகிறது" என்று எழுதினால் அது மாணவர்களுக்குப் பொய் சொல்வதாகிவிடாதா? நிலப்படத்திலோ நீலக்கோடு எங்கும் அறாமல் ஏரிவரை போகிறது. "கிரீக்" என்பதை ஓடை என்று பெயர்ப்பது சரியா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

---

நீர்வழி

செங்கரை அவர்களுக்கு வணக்கம். இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓடை என்று பெயர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தப் பெயர் ஆற்றின் அளவைப் பார்த்து வைத்ததன்று. பெயரிட்டவர் வந்து நின்ற பருவத்தைப் பொறுத்து அமைந்தது. 1845-இல் சார்ல்ஸ் ஸ்டர்ட் அதன் கரையை எட்டியபோது, அகன்ற நீர்ப்பரப்பும் பெருமரங்களும் இருந்தும் நீர் அசையவில்லை. ஆறு என்று குறிக்கவே தமக்கு விருப்பம் என்றும், ஓட்டம் இல்லாததால் அப்படிக் குறிப்பது முறையாகாது என்றும் அவர் எழுதி வைத்தார். தெற்கு ஆஸ்திரேலியாவின் நீதிபதியாக இருந்த சார்ல்ஸ் கூப்பரின் பெயரை அதற்குச் சூட்டினார். சில மாதங்கள் கழித்து ஒரு வெள்ளத்தின்போது வந்திருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும். இரண்டு ஆறுகள் கூடி ஓர் ஓடையாகின்றன என்று அப்பகுதி மக்கள் இன்றும் வியந்து சொல்வதற்கு, ஸ்டர்ட்டின் இந்த நேர்மையே காரணம்.

மேல்பகுதியின் கதை இதற்கு நேர்மாறானது. 1846-இல் தாமஸ் மிட்செல் பார்கூவைக் கண்டார். அது அவர் பார்த்த இடத்தில் வடமேற்கு நோக்கி ஓடியது. கண்டத்தைக் குறுக்கே கடந்து வடகடலில் விழும் பேராறு இதுதான் என்று நம்பி, விக்டோரியா அரசியின் பெயரை அதற்கு இட்டார். மறு ஆண்டே எட்மண்ட் கென்னடி அதன் கரையோடு போய்ப் பார்த்தபோது, ஆறு வளைந்து தென்மேற்காக உள்நாட்டுக்குள்ளேயே திரும்புவது தெரியவந்தது. வற்றிய நிலையில் கண்டவர் குறைத்துப் பெயரிட்டார். நம்பிக்கையோடு கண்டவர் மிகைப்படுத்திப் பெயரிட்டார். இரண்டும் ஒரே நீர்வழிதான். ஆகவே "கூப்பர் கிரீக்" என்பதைப் பெயராக அப்படியே வைத்துக்கொண்டு, விளக்கத்தில் ஆறு என்று எழுதுங்கள்.

---

வரைகோடு

நல்ல விளக்கம், நன்றி. ஆனால் ஆறு என்று மட்டும் எழுதினால், ஆண்டு முழுவதும் நீரோடும் படம் மாணவர் மனத்தில் வந்துவிடும். நம் மொழியில் காட்டாறு என்ற சொல் இருக்கிறதே! மழை பெய்தால் வரும், நின்றால் வற்றும். அதையே பயன்படுத்தலாம் அல்லவா?

---

மடுக்கரை

வரைகோடு ஐயா, நான் அடிலெய்டில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். கூப்பரின் கீழ்ப்பகுதிக்கு இரண்டு முறை சென்று வந்திருக்கிறேன். அங்கே நான் கண்டதற்கும் காட்டாறு என்ற சொல்லுக்கும் பொருத்தமில்லை. காட்டாறு மலைச்சரிவில் பிறந்து, திடீரென்று பெருகி, மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வந்து, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதன் இயல்பே வேகம். கூப்பருக்கோ அந்த வேகம் துளியும் இல்லை. விண்டோராவுக்குக் கீழே அதன் சரிவு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஒரு சாண் இறக்கம்! மேல்பகுதியில் பருவமழை பெய்து, அந்த நீர் இன்னமின்காவுக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். நான் முதல்முறை போயிருந்தபோது வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. சுற்றிலும் மண் வெடித்துக் கிடந்தது. ஆற்றில் மட்டும் நீர் ஒவ்வொரு விரற்கடையாக ஏறிக்கொண்டிருந்தது. எத்தனையோ நாள்களுக்கு முன் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை அது. கரையில் ஒரு குச்சியை நட்டுவைத்து, மாலையில் அது நனைந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்டான உணர்வை இன்றும் மறக்க முடியவில்லை.

மேலும், ஒரே ஆற்றுப்படுகை என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. விண்டோராவிலிருந்து, இன்னமின்காவுக்கு மேலே உள்ள நாப்பா மெர்ரி என்னும் இடம்வரையுள்ள பகுதி, சேனல் கன்ட்ரி எனப்படும் பரப்பைச் சேர்ந்தது. கால்களின் நாடு என்று பொருள் கொள்ளலாம். ஆறு அங்கே எண்ணற்ற கால்களாகப் பிரிந்து, மறுபடி கூடி, மறுபடி பிரிகிறது. சிறிய வெள்ளத்தில் ஆழமான சில கால்களில் மட்டும் நீர் ஓடும். பெருவெள்ளத்தில் எல்லாக் கால்களும் நிரம்பி வழிந்து ஒன்றாகி, சில இடங்களில் 60 கிலோமீட்டர் அகலத்துக்கு மேல் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். அந்த அகலத்திலும் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். வானூர்தியிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால், இலையின் நரம்புகளைப் போல் பச்சையும் பழுப்புமாக இருக்கும். நிலப்படத்தின் ஒற்றை நீலக்கோட்டில் இதில் எதுவும் தெரிவதில்லை.

---

செங்கரை

மடுக்கரை அவர்களுக்கு மிக்க நன்றி. அந்தக் குச்சியின் செய்தியை உங்கள் இசைவோடு கையேட்டில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய வெள்ளம் எங்கேதான் போகிறது? வழியிலேயே மணல் குடித்துவிடுகிறதா?

---

நீர்வழி

மணல் குடித்துவிடுவதாகத்தான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மை அதைவிட நுட்பமானது. விண்டோராவை அடுத்த கர்ராரீவாவிலும் நாப்பா மெர்ரியிலும் நீரளவு நிலையங்கள் உண்டு. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். மேலே அளந்த நீரில் சராசரியாக முக்கால் பங்குக்கு மேல் கீழே வந்து சேர்வதில்லை என்று ஆய்வாளர்கள் கணித்தனர். ஆனால் அந்தச் சமவெளியின் மேற்பரப்பு மணலன்று, களிமண். சில மீட்டர் தடிப்புள்ள களிமண் படலம் மேலே பரவியிருக்க, அதன் அடியில்தான் பழைய மணல் கிடக்கிறது. அந்த மணலைக் கொண்டுவந்ததும் இதே கூப்பர்தான். பல பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன், மழை மிகுந்திருந்த காலத்தில், அது மணலை உருட்டிச் செல்லும் வலிமை வாய்ந்த ஆறாக வளைந்து வளைந்து ஓடியது. பின்னர் காலநிலை வறண்டு, ஆறு தளர்ந்து, தான் இட்ட மணலின்மேலேயே சேற்றைப் போர்த்திக்கொண்டது. இன்று நாம் காண்பது அந்தப் போர்வையை.

வெடித்துக் கிடக்கும் களிமண், வெள்ளம் வந்ததும் வெடிப்புகளின் வழியே நீரைக் குடித்து உப்பி மூடிக்கொள்கிறது. அதற்குமேல் நீர் எளிதாக ஆழத்துக்கு இறங்குவதில்லை. பரந்து நிற்கும் நீரை வெயில் குடிக்கிறது. விண்டோராவில் ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீட்டர். எயர் ஏரிப் பக்கம் அதில் பாதிக்கும் குறைவு. ஆவியாதலோ ஆண்டுக்கு 2 மீட்டருக்கு மேல். மீதி நீரைப் புல்லும் புதர்களும் மரங்களும் எடுத்துக்கொள்கின்றன. 60 கிலோமீட்டர் அகலத்தில் முழங்கால் ஆழ நீர் நின்றால் என்ன ஆகும் என்பதை நம் ஊர் ஏரிகளின் கோடையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

---

வரைகோடு

காட்டாறு என்ற சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் வேறொன்றைக் கேட்டே ஆக வேண்டும். உலகிலேயே வறண்ட நாடுகளுள் ஒன்றில், முக்கால் பங்கு நீர் இப்படி வீணாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சரியா? மேலேயே ஓர் அணையைக் கட்டித் தேக்கி வேளாண்மை செய்தால், பல குடும்பங்கள் பிழைக்குமே! நீரின் அருமையை அறிந்தவன் என்ற முறையில் உண்மையான ஆதங்கத்தோடு கேட்கிறேன்.

---

நீர்வழி

உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. இதே கேள்வி அங்கேயும் எழுந்தது. 1995-இல் கர்ராரீவாவில் கூப்பரின் நீரை எடுத்துப் பருத்தி பயிரிட ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. அதை எதிர்த்து நின்றவர்களில் ஆற்று ஆய்வாளர்கள் மட்டுமல்லர், கீழ்ப்பகுதியில் மாடு வளர்ப்பவர்களும் இருந்தனர். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்துக்கு நீர் பாய்ச்சுவது அந்தப் பரந்த வெள்ளம்தான். வாய்க்கால் வெட்டாமல், எந்திரம் வைக்காமல், பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் களிமண்ணை அது நனைத்துவிட்டுப் போகிறது. வெள்ளம் வடிந்த சில வாரங்களில் அங்கே எழும் பசும்புல்லில்தான் மாடுகள் கொழுக்கின்றன. அளவு நிலையத்துக்கு வந்து சேராத நீர் வீணானதன்று. அது சமவெளியில் செலவான நீர். மேலே தேக்கினால் முதலில் குறைவது சிறு, நடுத்தர வெள்ளங்கள். அவைதான் அடிக்கடி வருபவை.

அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. பின்னர் 2000-ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, நடுவண் அரசு ஆகிய மூன்றும் எயர் ஏரியை நோக்கி நீர் வடியும் நிலப்பரப்பு, அதாவது அதன் வடிநிலம், முழுவதற்குமான உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன; வடக்கு ஆட்புலம் 2004-இல் இணைந்தது. இந்த வடிநிலம் ஆஸ்திரேலியப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. பேரணைகள் இல்லாமல் இவ்வளவு பெரிய வறண்டநிலத்து ஆற்றுத்தொகுதி இன்றும் தன் போக்கில் இருப்பதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன். அருகிலுள்ள மர்ரே–டார்லிங் வடிநிலத்தில் அணைகளும் பருத்தியும் வந்தபின் டார்லிங் ஆற்றின் கீழ்ப்பகுதி பட்ட பாட்டை அதன் கரையிலுள்ள மெனிண்டீ ஊர் மக்கள் அறிவார்கள்.

---

மடுக்கரை

இதையொட்டி மடுக்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. என் புனைபெயரே அவற்றால் வந்ததுதான். கூப்பரின் உயிர் மடுக்களில் இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் கால்கள் வறண்டுவிடும். ஆனால் அங்கங்கே ஆழமான நீண்ட குண்டுகளில் நீர் தங்கும். மணல்மேடு ஒன்று ஆற்றை ஒருபுறம் நெருக்கும் இடத்திலும், பல கால்கள் ஓரிடத்தில் கூடும் இடத்திலும், வெள்ளத்தின் விசை களிமண்ணைத் துளைத்து அடிமணல்வரை அரித்துவிடுகிறது. அப்படி உண்டாவதே மடு. ஆண்டுக்கு 2 மீட்டருக்கு மேல் நீர் ஆவியாகும் நாட்டில், ஆழம் குறைந்த மடு அடுத்த வெள்ளம்வரை தாங்காது. நான்கு, ஐந்து மீட்டர் ஆழமுள்ளவை வறட்சியிலும் பிழைக்கின்றன. கூப்பரில் மட்டுமே வாழும் கெளுத்தி இனம் ஒன்றும், மஞ்சள் வயிற்று மீன்களும், ஆமைகளும் அடுத்த பெருக்குவரை அங்கேதான் காத்திருக்கும். வெள்ளம் வந்ததும் அவை சமவெளி முழுவதும் பரவி இனம் பெருக்கும்.

இன்னமின்காவுக்குச் சற்றுக் கிழக்கே உள்ள கல்லியமுரா மடுவுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல இயலாது. அங்கே நிலத்தடியிலிருந்து மேல்நோக்கிப் புடைத்த பாறைக் குவிமாடம் ஒன்றை ஆறு அறுத்துக்கொண்டு போகிறது. மேலே பல பத்துக் கிலோமீட்டர் அகலம் பரந்த வெள்ளம் அத்தனையும் ஒரு குறுகிய பாறை வழிக்குள் நுழைய வேண்டும். அந்த நெருக்கம் தோண்டிய குழியின் ஆழம் ஏறத்தாழ 28 மீட்டர் என்கிறார்கள். கரையில் பழங்குடியினரின் பாறைச் செதுக்கல்கள் இருக்கின்றன. செந்நிறக் கட்டையுடைய யூக்கலிப்டஸ் மரங்கள் நீரில் வேரை நனைத்து நிற்கின்றன.

இந்தப் பாறை வாயைத் தாண்டியதும் ஆறு மீண்டும் பிரிகிறது. செங்கரை அவர்களின் முதல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வடமேற்குக் கிளை கூஞ்சி ஏரிகளுக்குப் போகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் நீர் போய்ச் சேருமிடம் அதுதான். 1987-இல் அப்பகுதி, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முதன்மைக் கிளை மேற்கே மணல்மேடுகளுக்கு இடையே, ஒரு பள்ளம் நிரம்பி அடுத்த பள்ளத்துக்கு வழிவதாக, ஹோப் ஏரியைக் கடந்து எயர் ஏரியை நோக்கிச் செல்கிறது. தெற்கே ஸ்ட்ரெஸ்லெக்கி கிரீக் என்னும் மூன்றாவது வழியும் உண்டு. பெருவெள்ளத்தில் மட்டுமே அதில் நீர் இறங்கும். இத்தனை பள்ளங்களும் நிறைந்த பிறகே எயர் ஏரிக்கு முறை வரும். 1974, 1990, 2010 ஆகிய ஆண்டுகளில் அப்படி வந்தது. அந்த ஏரிக்கு அடிக்கடி நீர் கொண்டுவருவது வடக்கிலிருந்து வரும் டயமன்டினாவே தவிர, கூப்பர் அன்று.

---

பசுங்கொடி

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் தாவரவியல் படித்தவள். மடுக்கரை அண்ணன் சொன்ன கிளைகளும் மடுக்களும் ஒரு துயர வரலாற்றோடு பிணைந்தவை என்பதால் அதை இங்கே சொல்ல விரும்புகிறேன். 1860-இல் மெல்பர்னிலிருந்து கண்டத்தை வடக்கே கடக்கப் புறப்பட்ட பர்க், வில்ஸ் குழுவினர், கூப்பர் மடு ஒன்றின் கரையில் கிடங்கு அமைத்தனர். நால்வர் வடகடலின் அருகுவரை சென்று திரும்பும்போது ஒருவர் இறந்தார். மற்ற மூவரும் 1861 ஏப்ரல் 21 மாலை கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தனர். "தோண்டு" என்று பொறித்த கூலிபா மரம் இன்றும் அங்கே நிற்கிறது. மூவரும் தென்மேற்கே குடியேற்றப் பகுதியை நோக்கிப் போக முயன்றனர். ஆற்றின் கால்கள் மணலில் மறைந்து நீர் கிடைக்காமல் போனதால் மீண்டும் கூப்பருக்கே திரும்பினர். பெரும்பாலான ஆண்டுகளில் ஆறு எங்கே நிற்கிறது என்பதை அறியாததால் நேர்ந்த துன்பம் இது.

அந்த ஆற்றங்கரையில் யாண்ட்ருவாந்தா மக்கள் நலமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மீனும் நார்டூ மாவும் கொடுத்தார்கள். நார்டூ என்பது நம் ஊர் வயல்வரப்பிலும் குளக்கரையிலும் வளரும் ஆரைக்கீரையின் நெருங்கிய இனம். அதே நான்கு இலை. வெள்ளம் வடிந்த களிமண்ணில் அது படர்ந்து, காய்ந்தபின் கடினமான வித்துறைகளை விட்டுச் செல்லும். அவற்றில் தயமின் என்னும் உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அம்மக்கள் அவற்றை நீர்விட்டு அரைத்துப் பக்குவம் செய்த முறையை வெள்ளையர் பின்பற்றாததால், வயிறு நிறைந்தும் உடல் தேய்ந்தனர் என்று பிற்கால ஆய்வாளர் கருதினர். பர்க்கும் வில்ஸும் அந்த நடுக்குளிர்காலத்தில் இறந்தனர். யாண்ட்ருவாந்தா மக்களோடு போய்ச் சேர்ந்த ஜான் கிங் ஒருவரே உயிர் பிழைத்தார். செப்டம்பரில் மீட்புக் குழு அவரைக் கண்டது. மாணவர் கையேட்டில் அம்மக்களின் பெயர் இடம்பெற வேண்டும் என்று செங்கரை ஐயாவை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

---

வரைகோடு

பசுங்கொடி அவர்களுக்கு நன்றி. ஒரு சிறு எச்சரிக்கை. இணையத்தில் "கூப்பர் பேசின்" என்று தேடினால் மூம்பா எரிவாயு வயல்களைப் பற்றிய செய்திகளே பெரும்பாலும் வரும். அது நிலத்தடியில் புதைந்த தொன்மையான படிவப் பாறைத் தொகுதியின் பெயர். ஆற்றின் வடிநிலம் அன்று. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டு பரப்பளவைத் தவறாகக் குறித்து வைத்திருந்தேன். ஆற்றின் வடிநிலம் சுமார் 3 இலட்சம் சதுர கிலோமீட்டர்.

---

செங்கரை

எல்லோருக்கும் என் நன்றி. திருத்திய பத்தி இது:

"தாம்சன், பார்கூ ஆகிய இரண்டு ஆறுகள் கூடி உண்டாகும் கூப்பர் கிரீக், கால்களாகப் பிரிந்து தென்மேற்காகச் செல்கிறது. அதன் நீரில் பெரும்பகுதி வழியிலுள்ள களிமண் சமவெளியை நனைப்பதிலேயே செலவாகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் ஆறு கூஞ்சி ஏரிகளில் முடிகிறது. வெள்ளம் குறைந்த ஆண்டுகளில் அதற்கும் முன்பே மடுக்களில் நின்றுவிடுகிறது. அரிதான பெருவெள்ளத்தில் மட்டும் எயர் ஏரியை அடைகிறது. யாண்ட்ருவாந்தா, டியரி முதலிய மக்கள் இதன் கரைகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறார்கள்."

நிலப்படத்தில் இன்னமின்காவுக்கு மேற்கே கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். வேறு திருத்தம் உண்டா?

---

மடுக்கரை

பத்தி நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தங்கள் மட்டும். 2012 முதல் அந்த ஏரியின் அலுவல்முறைப் பெயர் கட்டி தண்டா – எயர் ஏரி. முன்பாதி அந்நிலத்து மக்கள் வைத்த பெயர் என்பதால் அதை விட்டுவிட வேண்டாம். அடுத்து, புள்ளிக்கோட்டில் பேர்ட்ஸ்வில் சாலை கூப்பரைக் கடக்கும் இடத்தைக் குறியுங்கள். ஆண்டுக்கணக்கில் வண்டிகள் அங்கே வறண்ட படுகையின்மேலேயே ஓடும். 2010-இல் கூப்பர் வந்தபோது சாலை மூழ்கி, வண்டிகளை ஏற்றிச் செல்லும் மிதவைப் படகு அங்கே மீண்டும் இயங்கியது.